விசாவுக்கு முன்னால் ஒரு கேள்வி!

ப்ளஸ் டூ முடிவு வந்த மறுநாள் நமது மஹல்லாக்களில் என்ன நடக்கிறது? எத்தனை மதிப்பெண், எந்தப் பாடத்தில் ஆர்வம் என்று மாணவனிடம் கேட்க ஆளில்லை. "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்று கேட்கத்தான் ஆளிருக்கிறது. மாமா சவூதியில் இருக்கிறார், மச்சான் துபாயில் இருக்கிறார், ஏஜெண்ட் தெருமுனையில் இருக்கிறார். வழிகாட்டத்தான் ஒருவரும் இல்லை!

நபி (ஸல்) அவர்களிடம் அன்சாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்த சம்பவத்தை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். யாசகம் கூடாது என்று சொல்லி அதோடு முடித்து விடுகிறோம். அங்கே நடந்ததன் வரிசையைக் கவனியுங்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவை ஏலத்தில் இரண்டு திர்ஹத்துக்குப் போயின. ஒன்று குடும்பத்தின் உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. கோடரிக்குக் காம்பு பூட்டிக் கொடுத்ததும் நபியவர்களின் கரமே! விறகு வெட்டி விற்க 15 நாள் தவணை. திரும்பி வந்தவர் கையில் பத்து திர்ஹம். இதைத்தான் இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு தொழில் ஆலோசனை என்கிறார்கள்.

வளைகுடாவுக்குப் போகாதே என்று நாம் சொல்லவில்லை. பல ஊர்களில் பள்ளிவாசல் எழுந்ததும் குமர்கள் கரையேறியதும் அந்தப் பணத்தில்தான். ஆனால் 2011ல் சவூதி அரசு நிதாகத் திட்டத்தைக் கொண்டு வந்தது. 2016ல் செல்போன் விற்பனையும் பழுதுபார்ப்பும் சவூதிகளுக்கு மட்டுமே என்றது. கதவு குறுகுகிறது என்று தெரிந்தும் கையில் தொழில் இல்லாமல் பிள்ளையை அனுப்புவது என்ன நியாயம்? பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30 ஆயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம் என்பது விதி. லட்சக்கணக்கில் கொடுக்க நகையை அடகு வைக்கும் தாய்க்கு இதைச் சொன்னவர் யார்?

திரும்பி வருகிறவர்களின் நிலை இன்னும் மோசம். தம்மாமில் பதினைந்து வருடம் ஏ.சி. மெக்கானிக்காக உழைத்தவரிடம் ஒரு துண்டுச் சான்றிதழ் இல்லை. சேமிப்பைப் போட்டு, ஏற்கனவே நான்கு பேன்ஸி ஸ்டோர் உள்ள தெருவில் ஐந்தாவதைத் திறக்கிறார்! கற்ற தொழிலைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உண்டு. அந்தத் தொழிலையே ஊரில் தொடரலாமே!

2007ல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டுக்காக நாம் எத்தனை மாநாடு கூட்டினோம், எத்தனை முறை தெருவில் இறங்கினோம்? விண்ணப்பமே போடாதவனுக்கு அந்த ஒதுக்கீடு என்ன செய்யும்? லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையது ஆகிய பிரிவினரே அதற்குரியவர்கள். சாதிச் சான்றிதழில் பிரிவு சரியாக இல்லாவிட்டால் பலன் கிடைக்காது. தேர்வு அறிவித்த பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடுவதில் பயனில்லை, இப்போதே எடுத்துப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. அங்கே நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

ஆலிம்களுக்கும் இது பொருந்தும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதியவர் ஒரு கைத்தொழிலும் கற்றால் மரியாதை குறைந்து விடுமா? அரைச் சம்பளத்துக்கு ஆலிமைத் தேடும் நிர்வாகிகள்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

வியாபாரிகளே! 2017ல் ஜி.எஸ்.டி. வந்தது முதல் கணக்கு எழுத ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறீர்கள். உங்கள் கடையில் டீ வாங்கி வரும் பையன் பி.காம். படித்தவனா என்று கேட்டுப் பார்த்ததுண்டா? அவனை ஆறு மாதம் கணக்குப்பிள்ளையிடம் உட்கார வையுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது பெரிய செலவல்ல. மே மாதம் முழுவதும் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேஜை, ஒரு நோட்டுப் புத்தகம். மஹல்லாவில் உள்ள ஓர் ஆசிரியர், ஓர் அரசு ஊழியர், ஒரு வியாபாரி, ஊர் திரும்பிய ஒரு தொழிலாளி என நால்வர் உட்காரட்டும். வருகிற ஒவ்வொருவரின் பெயர், படிப்பு, கைத்தொழில், வீட்டுக் கடன் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். 15 நாள் கழித்து அவரை மீண்டும் வரச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் கேட்க வந்தால் அவர்களுக்கும் தனி நேரம் ஒதுக்குங்கள்.