பத்து ஆட்டங்களின் விலை



கூலி கொடுத்தவர் கணக்குக் கேட்பது இயல்பு. எந்தத் தராசில் நிறுத்துக் கேட்பது என்பதில்தான் வழக்கு எழுகிறது. வட இங்கிலாந்தின் ரக்பி லீக் ரசிகர்களிடையே நாற்பது ஆண்டுகளாய் ஓயாத அத்தகைய வழக்கு ஒன்றை இத்திங்கள் உங்கள் முன் வைக்கிறேன். கடல் கடந்து அழைத்து வந்த ஆட்டக்காரர், கொடுத்த பணத்துக்கு ஈடானவராய் இருந்தாரா என்பதே அது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். பக்கத்துக்கு 13 பேர். முட்டை வடிவப் பந்து. கையால் அதனை முன்னோக்கி எறிதல் ஆகாது. எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் அதற்கு 'டிரை' என்று பெயர். 4 புள்ளிகள் கிடைக்கும். இவ்வாட்டம் பிறந்ததே ஒரு கூலி வழக்கில்தான். சனிக்கிழமை ஆட வருவதால் தொழிலாளி இழக்கும் கூலியை ஈடு செய்யலாமா என்று வடபகுதிச் சங்கங்கள் கேட்டன. 'கூடாது' என்றது ரக்பி யூனியன். 1895 ஆகஸ்டில் அச்சங்கங்கள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனி வழி கண்டன. அவற்றுள் இரண்டு நம் கதைக்கு உரியவை. ஒன்று செயின்ட் ஹெலன்ஸ். மற்றொன்று வேக்ஃபீல்டு டிரினிட்டி. டிரினிட்டி என்றால் திரித்துவம் அன்றோ? 1873-இல் அவ்வூரின் தூய திரித்துவ ஆலயத்தைச் சார்ந்தவர்கள் தொடங்கிய சங்கம் அது.

இனி வழக்குக்கு வருவோம். 1982-இல் இங்கிலாந்துக்கு வந்த ஆஸ்திரேலிய அணி, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பிச் சென்றது. 'இவர்களுள் ஒருவர் நம் பக்கம் ஆடினால்!' என்ற ஏக்கம் பல ஊர்களில் பிறந்தது. இரு நாடுகளுக்கிடையே ஆட்டக்காரர்கள் சங்கம் மாறுவதற்கு 1977 முதல் இருந்த தடையும் 1983-இல் நீங்கிற்று.

வேக்ஃபீல்டு அவ்வாண்டுதான் முதற்பிரிவுக்கு ஏறியிருந்தது. எளிய சங்கம், சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். அச்சங்கம் 1982-ஆம் ஆண்டு அணியில் ஆடிய வாலி லூயிஸ் என்பவரைப் பருவத்தின் நடுவே சிறிது காலத்துக்கு வரவழைத்தது. ஆட்டத்துக்கு 1,000 பவுன் என்று பேசப்பட்டது. அவர் ஆடியவை 10 ஆட்டங்கள். பெற்றவை 6 டிரைகள். அவற்றுள் மூன்று ஒரே ஆட்டத்தில், வலிமை மிக்க செயின்ட் ஹெலன்ஸுக்கு எதிராகப் பெற்றவை. அவர் ஊர் திரும்பினார். பருவம் முடிந்தபோது வேக்ஃபீல்டு கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாய் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

வீண் செலவு என்பது ஒரு சாராரின் வாதம். அணியைக் காப்பதற்கென்று வந்தவர், அணியோ வீழ்ந்தது. அப்பணத்தைக் கொண்டு உள்ளூர் இளைஞர் சிலரைப் பயிற்றியிருக்கலாகாதா என்பது அவர்கள் கேள்வி. மறுசாரார் வேறு சொல்கின்றனர். 1984-இல் ஆஸ்திரேலிய அணிக்கே தலைவரான ஒருவர் எங்கள் திடலில், எங்கள் சட்டையணிந்து ஆடினார். அதை எங்கள் பிள்ளைகள் கண்ணாரக் கண்டனர். அதற்கு விலை உண்டோ என்கின்றனர்.

அடுத்த பருவத்தில் செயின்ட் ஹெலன்ஸ் இவ்வழியே சென்றது. அழைக்கப்பட்டவர் மால் மெனிங்கா. 31 ஆட்டங்கள், 28 டிரைகள். 1984 அக்டோபரில், போட்டிச் சங்கமான விகனின் சொந்தத் திடலிலேயே அதனை 26–18 என வென்று லங்காஷயர் கோப்பையைப் பெற்றனர். 1985 மே மாதத்தில், அவ்வாண்டின் லீக் வாகையரான ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை 36–16 என வென்று பிரீமியர்ஷிப்பையும் கைக்கொண்டனர். சுரங்கத் தொழிலாளரின் ஓராண்டு வேலைநிறுத்தம் லங்காஷயரையும் யார்க்‌ஷயரையும் வாட்டிய பருவம் அது. வருவாய் இழந்த வீடுகளுக்கு அவ்வெற்றிகள் எத்துணை ஆறுதலாய் இருந்திருக்கும்! இங்கே வழக்கே இல்லை என்று தோன்றும். ஆயினும் மெனிங்கா சென்ற மறு பருவத்தில் அச்சங்கத்துக்கு ஒரு கோப்பையும் கிட்டவில்லை. கடன் வாங்கிய விளக்கு, உரியவருடன் போய்விட்டது.

இவ்வழக்கில் பலர் நினைவுகூராத மனிதர் ஒருவர் உண்டு. மெனிங்காவுடன் அதே பருவத்தில் பிரிஸ்பேனிலிருந்து மற்றொருவரும் செயின்ட் ஹெலன்ஸுக்கு வந்தார். ஃபில் வீவர்ஸ் என்பது அவர் பெயர். அணியின் பின்காவலர். மெனிங்காவின் புகழ் அவருக்கு இல்லை. ஆனால் அவர் பருவ முடிவில் திரும்பிச் செல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அதே சங்கத்துக்கு ஆடினார். பின்னர் இங்கிலாந்திலேயே பயிற்சியாளராகவும் பணியாற்றினார். அவர் கூலிக்கு ஈடானவரா என்று எவரும் வழக்காடக் காணோம்.

என் தீர்ப்பைக் கேட்பீராயின் சொல்வேன். லூயிஸ் மீது குறையில்லை. தம் பத்து ஆட்டங்களையும் அவர் நேர்மையாய் ஆடிக் கொடுத்தார். குறை, அந்த ஏற்பாட்டில் இருந்தது. சாய்ந்து நிற்கும் வீட்டுக்குப் பத்து நாள் விருந்தினர் தூணாக முடியாது. விருந்தினர் வந்தார் என்ற மகிழ்ச்சி மெய்தான். அதற்காகச் செலவிட்டதை வீண் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தூணுக்குரிய பணியை விருந்தினரிடம் எதிர்பார்த்துவிட்டு, பின்பு அவரையே பழிப்பது முறையன்று.

நம் இல்லங்களிலும் ஊர்ப் பணிகளிலும் புதியவர் ஒருவரை அழைக்கிறோம். வந்த சில நாளிலேயே 'இவரால் என்ன பயன்?' என்று கணக்கெடுக்கத் தொடங்குகிறோம். அவரிடம் நாம் கேட்டது என்ன, அதற்காக அவருக்கு எத்தனை நாள் கொடுத்தோம் என்பதையும் அக்கணக்கில் எழுதுகிறோமா? ஆரவாரமின்றிப் பன்னிரண்டு ஆண்டுகளாய் நம்முடன் உழைத்தவரின் பெயர் அந்த ஏட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

சிந்திப்போம்.