மறக்கச் சொல்கிறவர்கள்

2018 ஏப்ரலில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியின் விளிம்பிலுள்ள கபூகாவில் வீடுகளை இடித்துத் தோண்டினார்கள். அடித்தளத்துக்குக் கீழே, கொல்லைப்புறத்தில், குழி குழியாக எலும்புகள்; 1994 இனப்படுகொலையில் வெட்டிக் கொல்லப்பட்ட டுட்சிகளின் எலும்புகள். மறு ஆண்டு மே மாதம் 84,000-க்கும் மேற்பட்டோரின் எச்சங்களுக்குக் கிகாலியில் இறுதி அடக்கம் நடந்தது. இருபத்து நான்கு ஆண்டுகள் அந்த மண்ணின் மேல் மனிதர்கள் சமைத்திருக்கிறார்கள், உறங்கியிருக்கிறார்கள், பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். கீழே என்ன கிடக்கிறது என்பது அக்கம்பக்கத்தில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் எலும்பையாவது கொடுங்கள் என்று அலைந்த தாய்மாரிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆறிய புண்ணைக் கிளறாதே என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். இனப்படுகொலைக்கென்று அரசே ஓர் ஆணையம் வைத்து, நினைவிடம் கட்டி, ஆண்டுதோறும் துக்கம் அனுசரித்தால் பகை எப்படித் தணியும் என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். 1998 டிசம்பரில், கம்போடியாவில் படுகொலை ஆட்சி நடத்திய கெமர் ரூஜின் தலைவர்கள் இருவர் அரசுப் பக்கம் வந்தபோது, குழி தோண்டிப் பழையதைப் புதைத்துவிடுவோம் என்றார் அன்றைய பிரதமர் ஹுன் சென். கேட்க இதமான பேச்சு. ஆனால் ருவாண்டா அந்த மருந்தை முப்பது ஆண்டுகள் குடித்துப் பார்த்த நாடு.

1959 நவம்பரில் அங்கே சிறுபான்மையினரான டுட்சிகள் மீது முதல் பெரிய தாக்குதல் நடந்தது. வீடுகள் எரிந்தன, அடுத்த சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி ஓடினார்கள். 1963 மே மாதம், அந்தக் கால வன்முறைக்கு அரசு பொது மன்னிப்பு வழங்கிச் சட்டம் போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், புருண்டியிலிருந்து அகதிப் படையொன்று ஊடுருவியதைச் சாக்கிட்டு, தென்மேற்கே கிகோங்கோரோ வட்டாரத்தில் டுட்சிக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். நாஜிகள் யூதர்களை அழித்ததற்குப் பிறகு உலகம் கண்ட ஆகக் கொடிய திட்டமிட்ட கொலை இது என்று தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸல் கதறினார். பொறுப்பானவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். 1973-இல் பள்ளிகளிலிருந்தும் வேலையிலிருந்தும் டுட்சிகளைத் துரத்தினார்கள். 1992 மார்ச்சில் புகேசேராவில் மீண்டும் கொலை. ஒவ்வொரு முறையும் நாடு மறந்தது.

நாடு என்றால் யார்? கொன்றவர்கள் மறக்கவில்லை. 1992 நவம்பரில் கபாயாவில் ஆளுங்கட்சிக் கூட்டத்தில் அக்கட்சிப் பிரமுகர் லியோன் முகெசேரா பேசினார். 1959-இல் டுட்சிகளைத் தப்பிப் போக விட்டதுதான் நாம் செய்த தவறு என்றார். இந்த முறை நியாபரோங்கோ ஆற்றின் வழியே அவர்களை, அவர்களின் பூர்வீகம் என்று தாம் சொல்லும் எத்தியோப்பியாவுக்கு அனுப்புவோம் என்றார். பதினேழு மாதம் கழித்து அந்த ஆற்றில் பிணங்கள் மிதந்து விக்டோரியா ஏரிவரை போயின. பழைய கொலையைப் பாதிக்கப்பட்டவன் பேசினால் அது பகை வளர்ப்பு. கொன்றவன் அதையே பாடமாக வைத்துக்கொண்டால் யாரும் கேட்பதில்லை. மறதி என்று இவர்கள் சொல்வதன் நடைமுறை அர்த்தம் இதுதான்.

1963-இல் ரத்தம் சிந்திய அதே கிகோங்கோரோவில்தான் முராம்பி இருக்கிறது. கட்டி முடியாத தொழிற்பள்ளி. அங்கே போனால் பாதுகாப்பு என்று அதிகாரிகளே மக்களை அனுப்பினார்கள். தண்ணீரை நிறுத்தினார்கள். 1994 ஏப்ரல் 21-ஆம் தேதி முற்றுகையிட்டுக் கொன்றார்கள். அங்கே இறந்தோர் சுமார் 50,000 பேர் என்பது நினைவிடத்தின் கணக்கு. சுண்ணாம்பிட்டுப் பதப்படுத்திய உடல்கள் சில இன்னும் அந்த வகுப்பறைகளில் கிடக்கின்றன, கை தூக்கியபடியே. அதைக் காட்சிக்கு வைப்பது கொடூரம் என்பவர்களின் மனம் புரிகிறது. ஆனால் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று எழுதும் புத்தகங்களும் பேசும் நாக்குகளும் இருக்கும்வரை, அந்த உடல்கள் சாட்சிக் கூண்டில்தான் கிடக்கின்றன.

இப்படிச் சாட்சியைக் காக்கும் வேலைக்குத்தான் 2007-இல் சட்டம் இயற்றி இனப்படுகொலைக்கு எதிரான தேசிய ஆணையத்தை உருவாக்கியது ருவாண்டா. புதைகுழி தேடுவது, நினைவிடங்களைக் காப்பது, தப்பியோரின் வாக்குமூலம் சேர்ப்பது, மறுப்புப் பிரசாரத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் அதன் பொறுப்பாக இருந்தது. கச்சாச்சா என்னும் ஊர்ப் பஞ்சாயத்து நீதிமன்றங்கள் 2012-இல் மூடப்படும் முன் சுமார் 19 லட்சம் வழக்குகளைத் தீர்த்திருந்தன. அவற்றின் கோடிக்கணக்கான பக்கங்களும் இந்த ஆணையத்தின் காவலுக்கு வந்தன. எந்தக் குன்றில் யார் யாரை வெட்டினார், யார் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கிறது. ஒரு கூட்டத்தையே பொத்தாம்பொதுவாகக் கொலைகாரர் என்று சொல்லவிடாமல் தடுப்பதும் அந்தத் தாள்கள்தான். 2021-இல் ஆணையத்தைத் தேசிய ஒற்றுமை அமைச்சகத்துக்குள் கரைத்தார்கள். தனி ஆணையமாகவே விட்டிருக்க வேண்டும். அமைச்சகம் என்பது ஆட்சியின் கை.

ஆட்சி நினைவைக் கையிலெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ருவாண்டாவே சாட்சி. 2010 ஜனவரியில் எதிர்க்கட்சித் தலைவர் விக்டுவார் இங்காபிரே கிகாலியின் கிசோசி நினைவிடத்தில் நின்று, கொல்லப்பட்ட பெரும்பான்மை இனத்தவரான ஹூட்டுகளைப் பற்றியும் பேச வேண்டும் என்றார். பின்னர் வழக்கு, பல ஆண்டுச் சிறை. கிஸிட்டோ மிஹிகோ படுகொலையில் தகப்பனை இழந்த பாடகர். 2014-இல் எல்லா இறந்தவர்களுக்காகவும் பாடினார். சிறைக்குப் போனார்; 2020-இல் போலீஸ் காவலில் இறந்தார். இதைக் காட்டித்தான் நினைவே வேண்டாம் என்கிறார்கள். இங்கே நடந்தது என்ன? பாதி நினைவுக்கு அனுமதி, மீதிக்கு வாய்ப்பூட்டு. அந்த மீதி மறக்கடிக்கப்பட்டதுதான் குற்றம். அதற்கு மறதியையே மருந்தாக எப்படிக் கொடுப்பது?

ஸ்பெயினைப் பாருங்கள், உள்நாட்டுப் போரையும் ஃபிராங்கோ ஆட்சியையும் 1977-இல் மன்னித்து மறந்து நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். 2000-இல் பிரியரான்சா என்ற சிற்றூரில் கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கூடி, அந்தப் போர்க் காலச் சாலையோரக் குழியைத் திறந்து 13 பேரை எடுத்தார்கள். அங்கே இன்றும் குழிகள் திறந்துகொண்டிருக்கின்றன. 2022-இல் அதற்கென்று புதுச் சட்டமே வந்தது.

2024 ஜனவரியில், ருவாண்டாவின் தெற்கே ஹுயே மாவட்டத்தில் ஒரு வீட்டு மனையில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. முப்பது ஆண்டுக்குப் பிறகும், எங்கே புதைத்தீர்கள் என்றாவது சொல்லுங்கள் என்று அயலாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது தப்பியோர் அமைப்பான இபுகா. அந்தப் பெயருக்கு அவர்கள் மொழியில் நினைவில் வை என்று பொருள்.