இரண்டாவது டாங்கி: வசதியா, வழக்கா?

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் தார்ச்சாலை முடியும் இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. ஒரு காலத்தில் அங்கே பழைய லேண்ட் ரோவர்கள் ஓடின. இன்று அவற்றோடு ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் போன்ற நான்கு சக்கர இயக்க பிக்கப் வாகனங்களும் ஓடுகின்றன. மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் தாழ் கியரில் ஏறி இறங்கும் இந்த வண்டிகள் நல்ல சாலையில் குடிப்பதைவிடப் பல மடங்கு டீசல் குடிக்கும். லோஜிங், குவா மூசாங் பக்கம் உள்ளே போகிறவர்களுக்கு அடுத்த எண்ணெய் நிலையம் எங்கே என்பது பெரிய கவலை. அப்படிப்பட்டவர்களிடம் நெடுங்காலமாக இருந்துவரும் எண்ணம்தான் வண்டியில் இரண்டாவது டாங்கி ஒன்றைப் பொருத்திக்கொள்வது.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு இது பட்டறைக்காரரும் வண்டிக்காரரும் பேசி முடிக்கும் விஷயமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. டீசல் மானியமும் அதைத் தொடர்ந்த கள்ளக் கடத்தலும், சாலையில் நிற்கும் அதிகாரிக்கு இரண்டாவது டாங்கியை ஒரு சந்தேகப் பொருளாக மாற்றிவிட்டன. தோட்டக்காரர், குத்தகையாளர், காட்டுப்பாதைப் பயண ஆர்வலர் என யாராக இருந்தாலும், டாங்கி வைக்குமுன் இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்வது நல்லது.

விலை வித்தியாசம்தான் வேர்

2019-இல் 140 கோடி ரிங்கிட்டாக இருந்த டீசல் மானியச் செலவு 2023-இல் 1,430 கோடி ரிங்கிட்டை எட்டியதாக அரசாங்கம் கூறியது. சாலையில் ஓடும் டீசல் வாகனங்கள் நான்கே ஆண்டுகளில் பத்து மடங்கு பெருகிவிடவில்லை. உலகச் சந்தை விலை ஏறியது ஒரு காரணம் என்றால், கசிவு மற்றொரு காரணம். தொழிற்சாலைகள் வணிக விலையில் வாங்க வேண்டிய டீசல், எண்ணெய் நிலையத்தில் மலிவு விலையில் நிரப்பப்பட்டுப் பின்வாசல் வழியாக அவற்றுக்கே போய்ச் சேர்ந்தது. எல்லை தாண்டியும் போனது.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்த்தப்பட்டது. அதன் பிறகு விலை சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்கி வருகிறது. சபா, சரவாக், லாபுவான் ஆகியவற்றுக்கு அந்த உயர்வு பொருந்தவில்லை. அங்கே 2 ரிங்கிட் 15 சென் நீடித்தது. தீபகற்பத்திலும் அனுமதி பெற்ற சரக்கு லாரிகளுக்கு சிறப்பு அட்டையின் வழி அதே 2.15 விலை வழங்கப்பட்டது. மீனவர்களுக்கு அதைவிடக் குறைந்த விலை.

ஆக, ஒரே நாட்டில் ஒரே எண்ணெய்க்குப் பல விலைகள். இந்த இடைவெளியில்தான் டாங்கியின் கதை இருக்கிறது. லிட்டருக்கு 1 ரிங்கிட் 20 சென் வித்தியாசம் என்றால், 200 லிட்டர் கூடுதல் டாங்கி ஒன்றில் ஒரு தடவைக்கு 240 ரிங்கிட் நிற்கிறது. லாரிக்குள் ஒளித்து வைத்த 1,000 லிட்டர் கலன் என்றால் 1,200 ரிங்கிட். ஒரே நாளில் நான்கைந்து நிலையங்களில் நிரப்பினால் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தை மிஞ்சிவிடும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அமலாக்கப் பிரிவினர் சோதனையில் முதலில் தேடுவது மாற்றியமைக்கப்பட்ட டாங்கியைத்தான் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

நேர்மையான வண்டிக்காரரின் கணக்கு

ஹைலக்ஸ் வண்டியின் டாங்கி 80 லிட்டர் கொள்ளும். பழைய விலையில் அதை நிரப்ப 172 ரிங்கிட் ஆனது. 3 ரிங்கிட் 35 சென் விலையில் 268 ரிங்கிட். டாங்கி ஒன்றுக்கு 96 ரிங்கிட் கூடுதல். தகுதி உள்ள தனியார் டீசல் வாகன உரிமையாளர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் பூடி மடானி திட்டத்தில் மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. அந்த 200 ரிங்கிட் ஏறக்குறைய 167 லிட்டரின் விலை உயர்வை ஈடுசெய்யும். அதாவது மாதம் இரண்டு டாங்கி. அலுவலகத்துக்கு ஓட்டுகிறவருக்கு இது போதலாம். தினமும் மலை ஏறி இறங்கும் காய்கறி வண்டிக்குப் போதாது.

இரண்டாவது டாங்கி அந்தச் செலவைக் குறைக்காது. சந்தை விலையில் வாங்குகிறவருக்கு, எந்த டாங்கியில் ஊற்றினாலும் லிட்டர் விலை ஒன்றுதான். டாங்கி தருவது தூரம் மட்டுமே. விலை ஏறியதால் டாங்கி வைக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அது மலிவு டீசலை எங்கிருந்தோ கொண்டுவரும் யோசனையாகவே இருக்கும். அந்த இடத்தில்தான் வசதி வழக்காக மாறுகிறது.

சட்டம் இரண்டு பக்கமும் பார்க்கிறது

முதலாவது, வாகனம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டு வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளும் வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற இடம் தருவதில்லை. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் அதற்குரிய சோதனையும் இல்லாமல் பொருத்திய டாங்கி, பட்டறையில் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும் சட்டப்படி குறைபாடு உள்ளதே.

இரண்டாவது, எண்ணெய். டீசல் கட்டுப்பாட்டுப் பொருள். 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம் நிரூபிக்கப்பட்டால் தனிநபருக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனம் என்றால் அபராதம் 20 லட்சம் ரிங்கிட் வரை. வண்டியும் எண்ணெயும் பறிமுதலாகலாம். பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் கலன்களில் டீசல் வாங்க வேண்டிய விவசாயிகளுக்கு அமைச்சின் அனுமதி முறை தனியாக உண்டு. அந்தத் தாள் கையில் இருப்பவரும் இல்லாதவரும் சாலைத் தடுப்பில் ஒரே மாதிரி நடத்தப்பட மாட்டார்கள்.

இங்கே சிறு விவசாயிகளின் குறை நியாயமானது. பெரிய நிறுவனத்துக்குத் தாள் வேலை பார்க்க ஆள் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் கோபிசும் தக்காளியும் போடுகிறவருக்கு மாவட்ட அலுவலகத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். பாரங்கள் மலாய் மொழியில், பல வேளைகளில் இணையத்தில். இதனால் பலர் கேட்காமலேயே செய்துவிடுகிறார்கள். கடத்தல்காரருக்காக விரித்த வலையில் இவர்களும் விழ வாய்ப்பு உண்டு.

பாதுகாப்பும் எடையும்

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் பொறியியல் ஒதுங்காது. டீசல் பெட்ரோல் போல எளிதில் தீப்பற்றாது என்பது உண்மை. ஆனால் சூடான புகைக்குழாயின் மேல் கசிந்தால் எரியும். 100 லிட்டர் டீசல் ஏறக்குறைய 84 கிலோ. டாங்கியின் எடையும் தாங்கும் சட்டமும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். அவ்வளவும் பின் அச்சின் மேல் விழுகிறது. அதே வண்டியில் காய்கறிப் பெட்டிகளையும் வழக்கம்போல் ஏற்றினால் அனுமதிக்கப்பட்ட சுமை தாண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவழிகளில் ஓடும் வண்டிகளுக்கு, மூல டாங்கியை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரியதொன்றைப் பொருத்தும் முறை பரவலாக இருக்கிறது. எடை தாழ்வாகவும் சட்டத்துக்குள்ளும் இருப்பது அதன் நன்மை. இங்கே பல பட்டறைகள் செய்வது போல வண்டியின் பின் தட்டில் இரும்புப் பெட்டி ஒன்றைப் பற்றவைத்து, ரப்பர் குழாயும் சிறு மின் பம்பும் இணைப்பது அதற்கு ஈடாகாது. உள்ளே தடுப்புத் தகடு இல்லாவிட்டால் வளைவில் எண்ணெய் ஒருபுறமாக அலைமோதும். காற்றுக் குழாயில் தடுப்பு வால்வு இல்லாவிட்டால், வண்டி கவிழும்போது எண்ணெய் வெளியே கொட்டும்.

மலேசிய டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெய் வழி வந்த உயிரி டீசல் கலந்திருக்கிறது. இது ஈரத்தை இழுக்கும். எப்போதாவது மட்டும் பயன்படும் இரண்டாவது டாங்கியில் வாரக்கணக்கில் எண்ணெய் தேங்கினால் அடியில் நீர் சேரும், நுண்ணுயிர் வளரும், வடிகட்டி அடைக்கும். அவசரத்துக்கென்று வைத்த எண்ணெயே காட்டு நடுவில் வண்டியை நிறுத்திவிடும். காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் என்றால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போதும் சிக்கல் வரும்.

எல்லைக்கு அப்பாலும் டாங்கிதான்

எண்ணெய் டாங்கியை அரசாங்கம் அளந்து பார்ப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஜொகூரில் மலிவாக நிரப்பி வருவதைத் தடுக்க, சிங்கப்பூர் 1989-இல் தன் நாட்டுக் கார்கள் பாதி டாங்கி எண்ணெயுடன்தான் வெளியேற வேண்டும் என்று விதித்தது. 1991-இல் அதை முக்கால் டாங்கியாக உயர்த்தியது. விலை வித்தியாசம் இருக்கும்வரை டாங்கியின் கொள்ளளவு அரசாங்கத்தின் கவலையாகவே இருக்கும் என்பதற்கு அது பழைய சாட்சி.

செய்யக்கூடியது

அமலாக்கம் தேவை; மானியப் பணம் மக்களின் பணம். ஆனால் பிடிப்பதோடு வழிகாட்டுவதும் சேர வேண்டும். எந்த அளவு டாங்கி, எந்த இடத்தில், யார் பொருத்தினால் அனுமதி கிடைக்கும் என்று இலாகா தெளிவான பட்டியல் ஒன்றை வெளியிட்டால், பாதிக் குழப்பம் தீரும். கலன் அனுமதிக்கான நடமாடும் முகப்பு மாதம் ஒருமுறை கேமரன் மலை போன்ற இடங்களுக்கு வந்தால், மீதிப் பாதியும் குறையும். விவசாயச் சங்கங்களும் சமூக அமைப்புகளும் பாரம் நிரப்ப உதவுவதை ஒரு சேவையாக எடுத்துக்கொள்ளலாம்.

அதுவரை வண்டிக்காரர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எளிமையானது. மாதத்தில் எத்தனை நாள் 80 லிட்டர் போதாமல் போகிறது? ஓரிரு நாள் என்றால், முறையான அனுமதியோடு தரமான கலன் ஒன்றே போதும். அடிக்கடி என்றால், முதலில் இலாகாவில் எழுத்துபூர்வ அனுமதி, பிறகு பட்டறை. இந்த வரிசை மாறினால், தூரம் போக வைத்த டாங்கி வண்டியையே தடுப்புக் கிடங்கில் நிறுத்திவிடும்.