முதலில் விசா, கடைசியில் டிக்கெட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி, "இதில் முதலில் எதைக் கற்றுக் கொள்வது?" என்பதுதான். முன்பெல்லாம் வேர்டு, எக்ஸெல், இ-மெயில் என்று வரிசையாகச் சொல்லுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. "வெளிநாட்டுச் சுற்றுலா ஒன்றுக்குத் திட்டம் போடுங்கள்" என்கிறேன். போவதும் போகாததும் பிறகு. தேடுவது, மேப் பார்ப்பது, பைல்களைச் சேமிப்பது, கணக்குப் போடுவது, பணம் கட்டுவது என்று அத்தனையும் இந்த ஒரு வேலைக்குள் வந்துவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இன்டர்நெட் காட்டுகிற வரிசையில் திட்டம் போடாதீர்கள். அது விற்பவருடைய வரிசை. விலை முதலில் வரும், விதிகள் கடைசியில் வரும். வாங்குபவருடைய வரிசை இதற்கு நேர் எதிரானது. கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கிய எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர், சென்ற ஆண்டுதான் முதல் லேப்டாப் வாங்கிய என் அப்பா.

எங்கள் ஊர் இரும்பை. மாகாளேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும், பக்கத்து ஆரோவில்லுக்கு வருகிறவர்களுக்கும் தெரிந்த ஊர். அப்பா மரக்காணம் உப்பளத்தில் இருபத்தைந்து வருடம் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்றதும் லேப்டாப் வாங்கினார். முதல் வாரம் வீடியோ பார்த்தார். அதில் ஒன்று மால்டா நாட்டின் கோசோ தீவில் உள்ள உப்பளம் பற்றியது. மத்தியதரைக் கடலோரத்தில் சுண்ணாம்புப் பாறையைக் கட்டம் கட்டமாகக் குடைந்து வைத்திருக்கிறார்கள். கடல் நீர் அதில் நின்று வெயிலில் காய்கிறது. துடைப்பத்தால் கூட்டி உப்பை அள்ளுகிறார்கள்! மரக்காணத்தில் மண் பாத்தியில் வாரி எடுத்ததைத்தான் அப்பா பார்த்திருக்கிறார்.

"ஆரோவில்லுக்கு எங்கெங்கிருந்தோ வந்து நம்ம ஊரைப் பாக்கறாங்க. நாம ஒரு தடவை அங்க போய்ப் பாக்கக் கூடாதா?" என்றார். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. இரண்டு பேரிடமும் பாஸ்போர்ட் இருந்தது. திட்டம் போடும் பொறுப்பை என்னிடம் தராமல் தானே எடுத்துக் கொண்டார்.

முதல் தவறு தேடலிலேயே நடந்தது. கோசோ என்று நினைத்துக்கொண்டு கோஸ் தீவைத் தேடி, இரண்டு நாள் அதன் ஹோட்டல்களைக் குறித்து வைத்துவிட்டார். கோஸ் கிரீஸ் நாட்டுத் தீவு. (அதற்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. பாண்டிச்சேரியைத் தாண்டியதும் வரும் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த ஒயின் ஜாடித் துண்டுகளில் பல கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஜாடி விசா இல்லாமல் வந்துவிட்டது, நாம் அப்படிப் போக முடியாது.)

சிரித்துவிட்டு விடுகிற தவறு இல்லை இது. மத்தியதரைக் கடல் தீவுகள் என்று தேடினால் சிசிலி, சார்டீனியா, கோர்சிகா, கிரீட், கோஸ், மால்டா, சைப்ரஸ் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். ஆனால் சிசிலியும் சார்டீனியாவும் இத்தாலி, கோர்சிகா பிரான்ஸ், கிரீட்டும் கோஸும் கிரீஸ். மால்டாவும் சைப்ரஸும் தனி நாடுகள். தீவு எந்த நாட்டுடையது என்று தெரிந்தால்தான் விசாவுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியும். மால்டா 2007 டிசம்பர் 21 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஷெங்கன் விசா ஒன்றை வைத்துக்கொண்டு அந்தப் பகுதியின் பல நாடுகளுக்குப் போகலாம். ஆனால் எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. மால்டாவிலிருந்து சிசிலிக்கு வேகக் கப்பலில் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். "அதையும் பார்த்துவிடலாமே" என்று நாட்களைச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் விண்ணப்பம் இத்தாலிக்குப் போக வேண்டியதாகிவிடும்.

இரண்டாவது சிக்கல் கட்டணம். அப்பா மூன்று இணைய தளங்களைப் பார்த்தார். ஒன்றில் விசா கட்டணம் 60 யூரோ, இன்னொன்றில் 80, மற்றொன்றில் 90. "எவன்டா பொய் சொல்றான்?" என்று கேட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. 2020 பிப்ரவரி வரை 60 யூரோ. அதன்பின் 80. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90. எழுதியவர்கள் அன்றைய தொகையை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், பக்கம் மட்டும் இன்னும் நிற்கிறது.

இதைவிட நல்ல உதாரணம் அப்பாவின் திட்டத்திலேயே இருந்தது. மூன்றாம் நாள் காலை, "அஸூர் விண்டோ பார்த்தல்" என்று எழுதியிருந்தார். கோசோ கடற்கரையில் வாசல்போல் நின்ற பெரிய பாறை வளைவு அது. படத்தைப் பார்த்தால் யாருக்கும் போகத் தோன்றும். அந்தப் பாறை 2017 மார்ச் 8-ம் தேதி புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. கடலில் பாறை போய்விட்டது, படங்கள் போகவில்லை. ஏ.ஐ. கருவிகளிடம் கேட்டாலும், அவை படித்ததில் இப்படிப்பட்ட பழைய பக்கங்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது எழுதப்பட்ட தேதியைத் தேடுங்கள். தேதி இல்லாத பக்கத்திலிருந்து தொகையையோ விதியையோ எடுக்காதீர்கள்.

இனி வருவதுதான் எங்கள் வீட்டில் சண்டை வந்த இடம்.

ஒரு நாள் மதியம் சென்னையில் ஆபீசில் இருக்கிறேன். என் மொபைலுக்கு ஓ.டி.பி. வருகிறது. அப்பாவின் வங்கிக் கணக்கில் பதிந்திருந்தது என் நம்பர். தொகை 29,000 ரூபாய். உடனே போன் செய்தேன்.

"என்னப்பா வாங்கறீங்க?"

"மால்டா விசாடா. இன்னைக்கே கட்டினா ரெண்டு பேருக்கும் உறுதியா கிடைச்சிடுமாம். நம்பரைச் சொல்லு சீக்கிரம். கடிகாரம் ஓடுது, இன்னும் பத்து நிமிஷம்தான்."

அந்தத் தளத்தை நானும் திறந்து பார்த்தேன். அது தூதரகமும் இல்லை, அவர்களின் அதிகாரபூர்வ விண்ணப்ப மையமும் இல்லை. தேடலில் முதலாவதாக வந்திருந்தது. மேலே சிறிய எழுத்தில் 'ஸ்பான்சர்ட்' என்று இருந்தது. அதாவது பணம் கட்டி மேலே வந்த விளம்பரம். விசா உறுதி என்று எந்த ஏஜென்டும் சொல்ல முடியாது. முடிவு அந்த நாட்டு அதிகாரிகளுடையது. மறுத்தால் கட்டணமும் திரும்ப வராது. நான் நம்பரைச் சொல்லவில்லை.

இரண்டு நாள் அப்பா என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். "இருபத்தஞ்சு வருஷம் அடுத்தவன் பணத்துக்குக் கணக்கு எழுதினேன். ஒரு ரூபாய் குறைஞ்சதில்ல. என் பணத்த எடுக்க உங்கிட்ட நம்பர் கேக்கணுமா?"

அந்தத் தளம் பற்றி நான் சொன்னது சரி. அந்த 29,000 தப்பியது என் மொபைலால்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்மில் எத்தனை பேர் பெற்றோருக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் நம் கையில் வைத்திருக்கிறோம்? பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். பாதி உண்மை. மீதிப் பாதி, உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கப் பொறுமை இல்லை. ஓ.டி.பி. என் கையில் இருந்த வரையில், எது விளம்பரம், எது அரசுத் தளம் என்று பார்க்க வேண்டிய அவசியமே அப்பாவுக்கு ஏற்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். வங்கிக்குப் போய் நம்பரை அப்பாவின் மொபைலுக்கு மாற்றினோம். என் நண்பர்கள் சிலர் இது தவறு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கு வேறு பூட்டுகள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 அக்டோபர் 1 முதல் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, ஆன்லைன் பரிவர்த்தனை ஆகியவற்றை நாமே தனித்தனியாக ஆன் செய்யலாம், ஆப் செய்யலாம், உச்ச வரம்பும் வைக்கலாம். சுற்றுலாவுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, வேண்டிய தொகையை மட்டும் அதில் போட்டு வைத்தார். பணம் கட்டும் நாளில் மட்டும் அந்தக் கார்டை ஆன் செய்வது என்று ஏற்பாடு.

பிறகு தளத்தின் முகவரியைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அட்ரஸ் பாரில் முதலில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ளதுதான் தளத்தின் பெயர். அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'கவ் டாட் எம்டி' என்று முடிந்தால் மால்டா அரசு. 'யூரோப்பா டாட் இயூ' என்று முடிந்தால் ஐரோப்பிய யூனியன். முன்னால் மால்டா, விசா, அபிஷியல் என்று எதை வேண்டுமானாலும் யாரும் சேர்த்துக்கொள்ளலாம். முடிவைப் பாருங்கள். அரசுத் தளத்தில் உள்ள லிங்க் வழியாக மட்டுமே விண்ணப்ப மையத்தின் தளத்திற்குப் போங்கள்.

அப்படிப் போய் அப்பா படித்தெடுத்த விதிகள் சில. பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவு தெரியப் பொதுவாக 15 நாள், சிலருக்கு 45 நாள் வரை ஆகலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். விமான டிக்கெட்டைப் பொறுத்தவரை ரிசர்வேஷன் இருந்தாலே போதும், முழுப் பணமும் கட்டிய டிக்கெட்டை விதி கேட்பதில்லை. எந்த டிக்கெட் தளமாவது இதை முதல் பக்கத்தில் சொல்லுமா?

இதற்கெல்லாம் எக்ஸெல்லில் ஒரு ஷீட் போட்டார். பேரேடு எழுதிய கை அல்லவா! இடது பக்கம் செலவு, அடுத்தது தளத்தின் பெயர், பக்கத்தின் தேதி, யூரோவில் தொகை, ரூபாயில் தொகை. யூரோவின் மதிப்பை ஒரே ஒரு செல்லில் எழுதிவிட்டு, பார்முலாவில் அந்தச் செல்லின் பெயருக்கு டாலர் குறி போட்டுப் பூட்டச் சொன்னேன். மதிப்பு மாறும்போது அந்த ஒரு செல்லை மாற்றினால் ஷீட் முழுவதும் மாறிவிடும். வங்கி கார்டுக்குக் கூடுதலாகப் பிடிக்கும் என்று அப்பாவே நான்கு சதவீதம் ஏற்றி வைத்தார்.

கடைசி இரண்டு காலம் அவருடைய சொந்த யோசனை. ஒன்று, 'பணம் திரும்புமா?' இன்னொன்று, 'எந்தத் தேதி வரை?' பிறகு ஷீட்டை அந்தக் காலத்தின்படி 'சார்ட்' செய்தார். பணம் திரும்பக் கிடைக்கும் செலவுகள் மேலே போயின, திரும்பாதவை கீழே இறங்கின. பயணத்தின் சரியான வரிசை தானாக வந்துவிட்டது! ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் முதலில். பிறகு காப்பீடு, அதுவும் விசா மறுக்கப்பட்டால் பணம் திருப்பித் தரும் பாலிசி. விசா கட்டணம் திரும்பாது என்றாலும் அது இல்லாமல் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே, ரத்து செய்ய முடியாத மலிவு விமான டிக்கெட். பத்து வருடமாக எக்ஸெல் பயன்படுத்துகிறேன், எனக்கு இது தோன்றியதில்லை.

ஹோட்டலின் 'இலவச ரத்து' கெடுவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த நேரம் பெரும்பாலும் அந்த ஊர் நேரம். கோடையில் மால்டா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் நான்கரை. விமானத்தில் இன்னொரு விஷயம். மால்டாவுக்கு வழியில் விமானம் மாற வேண்டும். இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அந்தக் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை. லேப்டாப் எடுத்துப் போகிறவர்கள் அடாப்டர் வாங்கிக் கொள்ளுங்கள். அங்கே மின்சாரம் நமக்கு உள்ள 230 வோல்ட்தான், ஆனால் சாக்கெட் பிரிட்டிஷ் வகை.

மாதம் ஜூன் என்று முடிவாகியிருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வெயிலும் அதிகம். மரக்காணம் வெயிலைப் பார்த்தவருக்கு அது ஒன்றும் இல்லை, அம்மாவுக்காகத்தான். விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. விமான டிக்கெட் இன்னும் ஷீட்டின் அடியில்தான் இருக்கிறது.

நேற்று இரவு அப்பா போன் செய்தார். மால்டாவிலிருந்து கோசோவுக்குப் போகும் கார் படகில் போகும்போது டிக்கெட் கேட்பதில்லையாம். அரை மணி நேரத்துக்குள் அக்கரைக்குப் போய்விடலாம், திரும்பி வரும்போதுதான் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டுமாம். படகுக் கம்பெனியின் தளத்திலேயே பார்த்துவிட்டாராம், பக்கத்தின் தேதியையும் குறித்துவிட்டாராம்.

"இத எந்தக் காலத்துலடா எழுதறது?" என்று கேட்கிறார்.