5 மார்க் மணிக்கட்டு

சித்தி பொண்ணு ரஷ்யாவுல டாக்டருக்குப் படிச்சுட்டு வந்து எஃப்.எம்.ஜி.ஈ. பரீட்சைக்கு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கா. 300 கேள்வி, 150 எடுத்தா பாஸ். ஞாயித்துக்கிழமையானா நான்தான் கேள்வி கேக்குற வாத்தியார். (இன்ஜினியரிங் படிச்சவன் எதுக்கும் லாயக்கு, ஹி ஹி.)

"ஆர்த்தோ வெறும் அஞ்சு மார்க்ணா, கடைசியில பாத்துக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள். அங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு மக்களே.

நான் பொட்டி தட்டுறது ஒரகடத்துல, ஒரு ஃபேக்டரிக்குள்ள. வயர் ஹார்னஸ் லைன்ல நாள் பூரா கட்டைவிரலால கிளிப் அமுக்குற பொண்ணுங்க. வல்லக்கோட்டைப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு பொண்ணு போன வருஷம் கட்டைவிரலைத் தூக்க முடியலைன்னு முதலுதவி அறைக்குப் போச்சு. ஸ்ப்ரே அடிச்சு, "வீட்டு வேலை ஜாஸ்தியாம்மா?"ன்னு கேட்டாங்களாம். அது சாப்பிடுறதே மெஸ்லதான்! அப்புறம் கை வேகம் குறைஞ்சுது, ஸ்டேஷன் சிவப்பாச்சு, ஒப்பந்தம் நீட்டிக்கலை. அந்தச் சிவப்புக் கட்டத்துக்கு கோடு எழுதினது அடியேன்தான்.

தங்கச்சி நோட்டுல அந்த வலி அரைப் பக்கம்தான். டி குவெர்வேன். கட்டைவிரலை உள்ளே வெச்சு முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ச்சா உயிர் போற மாதிரி வலிக்கும். ஃபிங்கெல்ஸ்டீன் டெஸ்ட்னு எழுதியிருக்கு (முஷ்டி மடக்குற இந்த முறை உண்மையில ஐக்காஃப் என்பவருடையது, அது வேற கதை). பத்து செகண்ட், பைசா செலவில்லை. இதைத்தான் 'கடைசியில பாத்துக்கலாம்'ங்கிறாங்க.

பயிற்சிக் கேள்வியைப் பார்த்தா கைக்குழந்தை தூக்கும் தாய் வர்றாங்க. சரி, அவங்களுக்கும் வரும். லைன்ல நிக்கிறவ எங்கே? அதே பாடத்துல ஹவுஸ்மெய்ட்ஸ் நீ இருக்கு, கிளர்ஜிமேன்ஸ் நீ இருக்கு, டென்னிஸ் எல்போ இருக்கு. இங்கிலாந்துல மண்டி போட்டுத் தரை துடைச்ச வேலைக்காரிக்கும் பாதிரியாருக்கும் ஆளுக்கொரு முட்டி! நாள் பூரா உக்காந்து தறி நெய்றவங்களுக்கு வர்ற வீக்கத்துக்கு வீவர்ஸ் பாட்டம்னு பேரு. நெசவாளி ஊர் காஞ்சிபுரம் பக்கத்துலயே இருந்தும் அந்தப் பேரையும் இங்கிலீஷ்லதான் மனப்பாடம் பண்றோம்.

"சமூக மருத்துவத்துல தொழில்நோய் இருக்கே, அதுக்கு 30 மார்க்காச்சே" என்பீங்க. இருக்கு. ஈயம், சிலிகோசிஸ், பருத்தித் தூசி. பஞ்சாலை காலத்துப் பாடம். சட்டமும் அதே கதைதான். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட மூணாவது அட்டவணையில தெரிவிக்க வேண்டிய நோய்கள் 29. இரைச்சலால காது போறது உண்டு. தசைநாண் வீக்கம், நரம்பு நசுங்கல் கிடையாது. அதுக்குப் பதிலா 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்த புதுத் தொகுப்பும் அந்தப் பட்டியலை அப்படியே சுமக்குது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட 2010 பட்டியல்ல டி குவெர்வேனும் இருக்கு, கார்ப்பல் டனலும் இருக்கு. பட்டியல்ல இல்லாத நோயை எந்த டாக்டர் எழுதி அனுப்புவார்? எழுதாத நோய் எப்படிப் பட்டியல்ல ஏறும்?

இத்தாலியில ராமஸ்ஸினின்னு ஒரு டாக்டர். நோயாளிகிட்ட என்ன வேலை பாக்குறேன்னும் கேளுங்கய்யான்னு 1700லயே புத்தகம் போட்டார். 300 வருஷம் கழிச்சும் நாம "வீட்டு வேலை ஜாஸ்தியா?"லயே நிக்கிறோம்.

போன ஞாயிறு தங்கச்சிகிட்ட, "வயசு 22, வலது கட்டைவிரல் வலி. முதல்ல என்ன கேப்பே?" என்றேன்.

"குழந்தை இருக்கா?"

நோட்டை மூடி வெச்சுட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, "எங்க வேலை பாக்குறாண்ணா?" என்றாள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கட்டைவிரல் வலிச்சா நிஜ டாக்டரைப் பாருங்க. அவர் கேக்கலைன்னாலும் என்ன வேலைன்னு சொல்லிடுங்க.