கால் மாறிய புல்லட்

கிளிஞ்சல்மேட்டுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது பெரியப்பாவின் பழைய புல்லட்தான். கடல் காற்றில் சைலன்சரெல்லாம் துருப்புள்ளி. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பார். முழங்கால் தேய்ந்ததால் இப்போது கிக்கரை மிதிக்க முடியவில்லை. போன மாதம் அண்ணன் புது புல்லட் வாங்கிக் கொடுத்தான். பட்டனை அழுத்தினால் போதும்.

முதல் நாளே வினை! தெருமுனையில் ஆடு குறுக்கே வர, பெரியப்பா இடது காலை அழுத்தினார். பழைய வண்டியில் பிரேக் அங்கேதான் இருக்கும். புது வண்டியில் அங்கே இருப்பது கியர். வண்டி வேலியில் முட்டித்தான் நின்றது. நல்லவேளை, அவருக்கும் ஆட்டுக்கும் ஒன்றுமில்லை.

புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தில் பிறந்தது. நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி வண்டிகளைக் கேட்க, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் வண்டிகள் உருவாயின. 1970-வாக்கில் இங்கிலாந்து ஆலை மூடப்பட்டது. நம் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது!

வலது காலில் கியர் என்பது பழைய இங்கிலாந்து பைக்குகளின் வழக்கம். உலகமே இடது காலுக்கு மாறிய பிறகும் புல்லட் நெடுநாள் மாறவில்லை. 1994-ல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்த பின்தான் ஒவ்வொன்றாக மாறியது. கியர் இடப்பக்கம் போனது. தனித்தனியாக இருந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன. 2023-ல் வந்த புல்லட்டில் கிக்கரே இல்லை.

அமெரிக்காவின் மஸ்டாங் காருக்கும் இதே கதைதான். 1964-ல் வந்த கார், 1974 மாடலில் உருவம் சுருங்கி, வி8 எஞ்சின் இல்லாமல் வந்தது. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் மாறியதால்தான் அந்தப் பெயர் இன்றும் ஓடுகிறது.

வண்டியை மாற்றிவிடலாம், நாற்பது வருடக் கால் பழக்கம் ஒரே நாளில் மாறாது. வீட்டுப் பெரியவர்களுக்குப் புது வண்டி கொடுத்தால், சாவியோடு ஒரு வாரப் பயிற்சியையும் கொடுங்கள். ஆள் இல்லாத திடலில், மெதுவாக.

பெரியப்பா இப்போது காலையில் திடலுக்குப் போகிறார். "பேரு அதேதான்டா. காலுக்குத்தான் புதுசா சொல்லிக் குடுக்கணும்" என்கிறார்.

பழைய வண்டியை விற்றுவிடலாமா என்று அண்ணன் கேட்டான். பெரியப்பா பதில் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்.