இசை எல்லோரையும் உருக்குமா?

இசைக்கு மயங்காதவனைக் கல்நெஞ்சன் என்று சொல்வது நம்மவர் வழக்கம். நான் இதனை ஏற்பதில்லை. கச்சேரியில் கண்ணீர் வடிப்பவரெல்லாம் கனிந்த மனத்தினர் என்றோ, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பவர் ஈரமற்றவர் என்றோ தீர்ப்புக் கூற நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

பார்சலோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே கவனிக்கத்தக்கது. இசையில் இன்பம் காணாத சிலரை அவர்கள் ஆராய்ந்தனர். இவர்களது செவியில் குறையில்லை, மனச்சோர்வும் இல்லை. ஒரு பாட்டு சோகமானதா, மகிழ்ச்சியானதா என்று சரியாகவே சொன்னார்கள். பணம் வெல்லும் விளையாட்டைக் கொடுத்தபோது மற்றவர்களைப் போலவே இவர்களுடைய இதயத் துடிப்பும் தோலின் நுண்ணிய வியர்வையும் மாறின. இசை ஒலித்தபோதோ உடல் அசைந்து கொடுக்கவில்லை. பின்னர், 2016 இல், மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒலியை உணரும் பகுதிக்கும் இன்பத்தை உணர்த்தும் ஆழ்பகுதிக்கும் இடையிலான தொடர்பு, இசை கேட்கும் வேளையில் இத்தகையோரிடம் குறைந்து காணப்பட்டது. நெஞ்சு கல்லாகிவிடவில்லை, அந்த வழியில் போக்குவரத்துக் குறைவு, அவ்வளவுதான்.

சுவீடனில் 9,000 க்கு மேற்பட்ட இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வு 2025 இல் வெளிவந்தது. இசையின்பத்தில் மனிதருக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 54 சதவீதம் பரம்பரையோடு தொடர்புடையது என்கிறது அது. தனியொருவரது ரசனையில் பாதி பெற்றோர் தந்தது என்பதல்ல இதன் பொருள். தலைப்புக்கு அவசரப்படும் எங்கள் பத்திரிகைத் தொழிலில் இந்த வேறுபாடு எளிதில் தொலைந்து போகும்!

எஞ்சியதில் பழக்கத்துக்கும் நினைவுக்கும் பெரும் பங்குண்டு என்பது என் எண்ணம். பொலிவியாவின் அமேசன் பகுதியில் வாழும் சிமானே மக்களுக்கு, மேலைநாட்டார் செவிக்கு உறுத்தும் சுரச்சேர்க்கையும் இனிக்கும் சேர்க்கையும் ஒன்றுபோலவே இனித்தன என்று 2016 இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது.

நமது புலம்பெயர்ந்த குடும்பங்களை இங்கே நினைக்கிறேன். மேளச்சமா கேட்டுக் கண் கலங்கும் தந்தை, அருகில் சலனமின்றி இருக்கும் மகனைப் பார்த்து, "இவனுக்குத் தமிழுணர்வே இல்லை" என்று நோகிறார். தந்தைக்கு அந்த ஒலியோடு கோயில் வீதியும் கற்பூர மணமும் இழந்த ஊரும் சேர்ந்து வருகின்றன. மகனுக்கு வருவது ஒலி மட்டுமே. அவன் வேறொரு பாட்டுக்கு மயிர்க்கூச்செறிய நிற்பதைத் தந்தை அறியாதிருக்கலாம்; எந்தப் பாட்டுக்கும் சிலிர்க்காத பிள்ளையாகவும் அவன் இருக்கலாம்.